இயக்கத்தால் தெளியும் உருவம்: பறக்கும் வானூர்திகளைப் படமாக்கும் தலைகீழ் செயற்கைத் துளை ரேடார்

ஆய்வுச் சுருக்கம்

வழக்கமான ரேடார் திரையில் வானூர்தி ஒரு புள்ளியாகவே தோன்றுகிறது. அப்புள்ளியை மூக்கு, இறக்கை, வால் எனப் பகுதிகள் பிரிந்து தெரியும் உருவமாக மாற்றும் நுட்பமே தலைகீழ் செயற்கைத் துளை ரேடார் ஆகும். இந்நுட்பத்தில் உருவத்தைத் தருவதும் வானூர்தியின் இயக்கமே. உருவத்தைக் கலைப்பதும் அதே இயக்கமே. இவ்விரு விளைவுகளையும் எண் எடுத்துக்காட்டுகளின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. ரேடாரை நோக்கி நேராக வரும் வானூர்தியை அடையாளம் காண்பதே மிக அவசரமான தேவை. ஆனால் அந்நிலையில்தான் இம்முறை மிகக் குறைவாகப் பயன்படுகிறது. இம்முரண்பாட்டின் காரணத்தையும் அதனைக் கடக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரேடார், செயற்கைத் துளை, டாப்ளர் விளைவு, பிரிதிறன், இயக்க ஈடுசெய்தல், இலக்கு அடையாளம்.

முன்னுரை

1988ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் பாரசீக வளைகுடாப் பகுதியில் ஈரான் ஏர் நிறுவனத்தின் 655ஆம் எண் பயணியர் வானூர்தியை அமெரிக்கக் கடற்படையின் வின்சென்ஸ் என்னும் போர்க்கப்பல் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 290 பேரும் உயிரிழந்தனர். வீழ்த்தப்பட்டது ஏர்பஸ் ஏ300 வகை வானூர்தி. அதன் நீளம் ஏறத்தாழ 54 மீட்டர். கப்பலில் இருந்தோர் அதனை எஃப்-14 வகைப் போர் வானூர்தி எனக் கருதினர். எஃப்-14இன் நீளம் ஏறத்தாழ 19 மீட்டர் மட்டுமே. இத்தவற்றுக்கு அடையாளக் குறிகளைப் பிழையாகப் புரிந்துகொண்டமை, போர்ச் சூழலின் பதற்றம், தகவல் தொடர்புக் குறைபாடு எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் அவற்றின் அடியில் இயற்பியல் சார்ந்த ஓர் உண்மையும் இருக்கிறது. கண்காணிப்பு ரேடார் ஒரு பொருள் எங்கு உள்ளது, எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பனவற்றைக் கூறும். அப்பொருள் எது என்பதைக் கூறாது.

‘எது’ என்னும் வினாவுக்கு ரேடார் அலைகளைக் கொண்டே விடை காணும் முயற்சிகளுள் முதன்மையானது உயர் பிரிதிறன் உருவாக்கம் ஆகும். இரவிலும் மேகத்திலும் ஒளிப்படக் கருவிகள் பயன்படாத நிலையில் நுண்ணலைகள் தடையின்றிச் செல்கின்றன. ஆயினும் பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் ஒரு பொருளை ஒரு மீட்டர் அளவுக்குப் பிரித்துக் காண்பது எளிதன்று. அதற்கு இரண்டு திசைகளில் பிரிதிறன் வேண்டும்: ஒன்று, ரேடாரிலிருந்து பொருளை நோக்கிச் செல்லும் தொலைவுத் திசை, மற்றொன்று, அதற்குச் செங்குத்தான குறுக்குத் திசை. இவ்விரண்டும் முற்றிலும் வேறுபட்ட வழிகளில் பெறப்படுகின்றன.

1. தொலைவுத் திசையில் பிரிதிறன்

ரேடார் ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. ஒரு மைக்ரோவினாடி நீளமுள்ள எளிய துடிப்பைக் கொண்டு 150 மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு பொருள்களைப் பிரித்தறிய இயலாது. ஏர்பஸ் ஏ300, எஃப்-14 ஆகிய இரண்டுமே இந்த 150 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அவை புள்ளியாகத் தெரிவதற்கு இதுவே முதற் காரணம்.

துடிப்பைச் சுருக்கினால் பிரிதிறன் கூடும். ஆனால் அதன் ஆற்றல் குறைந்து, தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் எதிரலை இரைச்சலில் மறைந்துவிடும். இதற்குத் தீர்வாக, நீண்ட துடிப்பின் அதிர்வெண்ணைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சீராக மாற்றிக்கொண்டே அனுப்புவர். திரும்பி வரும் அலையை, அனுப்பிய அலையின் படியோடு ஒப்பிட்டுச் செயலாக்கும்போது நீண்ட துடிப்பு ஒரு குறுகிய முகடாகச் சுருங்குகிறது. இங்குப் பிரிதிறனைத் தீர்மானிப்பது துடிப்பின் நீளம் அன்று. அதிர்வெண் எவ்வளவு விரிந்து மாறியது என்னும் பட்டை அகலமே. ஒளியின் திசைவேகத்தைப் பட்டை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் தொலைவுப் பிரிதிறன் கிடைக்கும். 150 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் 1 மீட்டர் பிரிதிறனையும், 400 மெகாஹெர்ட்ஸ் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் பிரிதிறனையும், 1 கிகாஹெர்ட்ஸ் 15 சென்டிமீட்டர் பிரிதிறனையும் தருகின்றன.

இங்குக் கவனிக்க வேண்டியது, பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது இக்கணக்கில் வரவில்லை என்பதாகும். 10 கிலோமீட்டரிலும் 100 கிலோமீட்டரிலும் தொலைவுப் பிரிதிறன் ஒன்றே. இவ்வாறு பெறப்படும் ஒற்றைப் பரிமாணப் பதிவைத் தொலைவு வரைவு எனலாம். வானூர்தியின் எப்பகுதி எவ்வளவு வலிமையாக எதிரொளிக்கிறது என்பதை அது தொலைவு வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. ஆனால் ஒரே தொலைவில் உள்ள இடப்புற இறக்கை நுனியும் வலப்புற இறக்கை நுனியும் அதில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிடும்.

2. குறுக்குத் திசையில் எழும் தடை

ஆன்டெனா அனுப்பும் கற்றையின் கோண அகலம், அலைநீளத்தை ஆன்டெனாவின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். 10 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 3 மீட்டர் அகல ஆன்டெனாவின் கற்றை, 30 கிலோமீட்டர் தொலைவில் 300 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அக்கற்றைக்குள் வானூர்தி முழுவதும் அடங்கிவிடுவதால் அதன் இறக்கைகளைப் பிரித்துக் காண வழியில்லை. அத்தொலைவில் கற்றையை 1 மீட்டராகக் குறுக்க வேண்டுமாயின் 900 மீட்டர் அகல ஆன்டெனா தேவைப்படும். அத்தகைய ஆன்டெனாவைக் கட்டி, விரைந்து செல்லும் வானூர்தியைப் பின்தொடர்ந்து திருப்புவது நடைமுறைக்கு ஒவ்வாதது.

3. இயக்கம் துளையாக மாறும் விதம்

இத்தடையைக் கடக்கும் கருத்து 1951ஆம் ஆண்டில் குட்இயர் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் வைலியிடமிருந்து பிறந்தது. வானூர்தியில் பொருத்தப்பட்ட ரேடார் நகரும்போது, தரையில் வெவ்வேறு கோணங்களில் உள்ள பொருள்களின் எதிரலைகள் சற்றே வெவ்வேறான டாப்ளர் பெயர்ச்சியைப் பெறுகின்றன. எனவே அதிர்வெண்ணைப் பிரித்தறிந்தால் கோணத்தையும் பிரித்தறியலாம். நகரும் சிறிய ஆன்டெனா பல இடங்களில் பெற்ற எதிரலைகளை ஒன்றிணைத்து, ஒரு நீண்ட ஆன்டெனாவின் பயனைப் பெறுவதால் இது செயற்கைத் துளை ரேடார் எனப்பட்டது.

ரேடார் நகர்ந்து பொருள் நிலையாக இருப்பினும், ரேடார் நிலையாக இருந்து பொருள் நகரினும் இரண்டுக்கும் இடையிலான சார்பியக்கம் ஒன்றே. பொருளின் இயக்கத்தைப் பயன்படுத்தும் இரண்டாவது முறையே ‘தலைகீழ்’ என்னும் அடைமொழியைப் பெற்றது. இதன் முன்னோடியாக ரேடார் வானியலைக் குறிப்பிடலாம். நிலவும் வெள்ளியும் தம் சுழற்சியால் தரும் டாப்ளர் பெயர்ச்சியைக் கொண்டு அவற்றின் பரப்பு வரையப்பட்டது. 1970இல் குவாஜலின் பவழத்தீவில் இயங்கத் தொடங்கிய ஆல்கார் ரேடார் 512 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் கொண்டது. அதன்வழி செயற்கைக்கோள்களின் உருவங்கள் பெறப்பட்டன. 1980இல் ஜாக் வாக்கர் சுழலும் பொருள்களின் உருவாக்கம் குறித்தும், சென், ஆண்ட்ரூஸ் ஆகிய இருவர் இலக்கின் இயக்கத்தால் உண்டாகும் உருவாக்கம் குறித்தும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் கணித அடித்தளத்தை வகுத்தன. 1988இல் பெர்னார்ட் ஸ்டைன்பெர்க் வானூர்திகளின் நுண்ணலை உருவாக்கத்தைத் தனிப்பொருளாக எடுத்து விளக்கினார்.

இதன் அடிப்படையைக் குடைராட்டினத்தைக் கொண்டு விளக்கலாம். சுழலும் ராட்டினத்தைத் தொலைவிலிருந்து ஒருவர் பார்க்கும்போது அதன் ஒரு விளிம்பு அவரை நோக்கி வருகிறது. எதிர் விளிம்பு விலகிச் செல்கிறது. மையத்தில் இருப்பது வருவதுமில்லை, விலகுவதுமில்லை. மையத்திலிருந்து குறுக்கே எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு நெருங்கும் வேகமோ விலகும் வேகமோ கூடும். ஆகவே வேகத்தைக் காட்டும் டாப்ளர் பெயர்ச்சியே குறுக்கு நிலையையும் காட்டுகிறது. வானூர்தி நேர்கோட்டில் பறந்தாலும் ரேடாரிலிருந்து காணும்போது அதன் நோக்குக் கோணம் சிறிது சிறிதாக மாறுகிறது. இந்த மெல்லிய திருப்பமே ராட்டினத்தின் சுழற்சிக்கு ஒப்பானது.

குறுக்குப் பிரிதிறன் என்பது அலைநீளத்தை, நோக்குக் கோணம் மாறிய அளவின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பதாகும். 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் 1 மீட்டர் பிரிதிறன் பெற 0.015 ரேடியன், அதாவது ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவான திருப்பமே போதும். 900 மீட்டர் ஆன்டெனா செய்ய வேண்டிய பணியை ஒரு பாகைக்கும் குறைந்த திருப்பம் செய்துவிடுகிறது.

4. எண் எடுத்துக்காட்டு

30 கிலோமீட்டர் தொலைவில் வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் சாய்வாக நெருங்கிவரும் வானூர்தி ஒன்றைக் கொள்ளலாம். அதன் வேகத்தில் ரேடாரை நோக்கிய கூறு வினாடிக்கு 150 மீட்டர், குறுக்குக் கூறு 200 மீட்டர் என்க. குறுக்குக் கூற்றால் நோக்குக் கோணம் வினாடிக்கு 0.0067 ரேடியன் மாறுகிறது. தேவையான 0.015 ரேடியன் திருப்பம் 2.25 வினாடிகளில் கிடைத்துவிடும்.

இனி டாப்ளர் பெயர்ச்சியைக் காணலாம். வானூர்தி முழுவதும் வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் நெருங்குவதால் உண்டாகும் பெயர்ச்சி 10,000 ஹெர்ட்ஸ். மையத்திலிருந்து குறுக்கே 15 மீட்டர் தள்ளியுள்ள ஒரு புள்ளி, திருப்பத்தால் கூடுதலாகப் பெறும் பெயர்ச்சி 6.7 ஹெர்ட்ஸ் மட்டுமே. உருவத்தைத் தரும் செய்தி முழுவதும் இச்சிறு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அதனைவிட 1,500 மடங்கு பெரிதான 10,000 ஹெர்ட்ஸ் பெயர்ச்சி உருவத்துக்கு எவ்விதப் பயனும் தருவதில்லை. அது நீக்கப்பட வேண்டியது. வானூர்தியின் இயக்கம் இவ்வாறு பயன்தரும் சுழற்சியாகவும் இடையூறான இடப்பெயர்ச்சியாகவும் இரண்டாகப் பிரிகிறது. இத்துறையின் ஆய்வுகளுள் பெரும்பகுதி இப்பிரிப்பைப் பற்றியதே.

5. இயக்க ஈடுசெய்தல்

இடப்பெயர்ச்சியை நீக்கும் செயல் இரு படிநிலைகளில் நிகழ்கிறது. முதற்படி தொலைவுச் சீரமைப்பு ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 2.25 வினாடிகளில் வானூர்தி ரேடாரை நோக்கி 300 மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடுகிறது. எனவே அடுத்தடுத்த தொலைவு வரைவுகளில் மூக்கும் வாலும் வெவ்வேறு இடங்களில் விழும். அண்மைய வரைவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கொண்டு, ஒப்புமை மிகும்வரை ஒன்றை மற்றொன்றின்மேல் நகர்த்தி அவற்றை நேர்ப்படுத்துவர்.

இரண்டாம் படி கட்டத் திருத்தம். இதுவே கடினமானது. டாப்ளர் என்பது எதிரலையின் கட்டம் நேரத்தோடு மாறும் வீதம். தொலைவில் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான பிழை எஞ்சியிருந்தால்கூட, 3 சென்டிமீட்டர் அலையின் கட்டம் கால் சுற்று அளவுக்குப் பிறழ்ந்துவிடும். பறக்கும் வானூர்தியின் பாதையை மில்லிமீட்டர் நுட்பத்தில் வெளியிலிருந்து அளந்து தரும் வழி பொதுவாக இல்லை. ஆகவே பெறப்பட்ட எதிரலைகளிலிருந்தே அதனைக் கண்டறிய வேண்டும். இங்கு ஒரு சுழல் சிக்கல் எழுகிறது: உருவம் தெளிய இயக்கம் தெரிய வேண்டும், இயக்கம் தெரிய உருவம் தெளிய வேண்டும்.

இச்சுழலை உடைக்க இருவகை அணுகுமுறைகள் கையாளப்படுகின்றன. முதல் வகையில், ஒரே தொலைவு அறையில் தனித்து வலிமையாக எதிரொளிக்கும் ஒரு புள்ளி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன் கட்டமாற்றம் முழுவதும் இயக்கத்தால் வந்தது எனக் கொண்டு, அந்த மாற்றம் மற்ற எல்லா அறைகளிலிருந்தும் கழிக்கப்படுகிறது. அப்படி ஒரு புள்ளி இல்லாத வானூர்தியில் இம்முறை தோல்வியுறும். இரண்டாம் வகையில் தெளிந்த உருவத்தின் பொதுவான பண்பே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. தெளிந்த உருவத்தில் ஆற்றல் சில புள்ளிகளில் குவிந்திருக்கும். கலங்கிய உருவத்தில் எங்கும் பரவியிருக்கும். இப்பரவலை என்ட்ரோபி என்னும் அளவால் குறித்து, அது மிகக் குறையும்வரை கட்டத்தைத் திருத்திக்கொண்டே செல்வர். இதன்பின் ஒவ்வொரு தொலைவு அறையிலும் ஃபூரியர் மாற்றம் செய்தால் தொலைவு ஓர் அச்சாகவும் டாப்ளர் மற்றோர் அச்சாகவும் அமைந்த உருவம் கிடைக்கும்.

பிரிதிறனை மேலும் கூட்ட முற்படும்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது. 10 சென்டிமீட்டர் பிரிதிறனுக்கு 0.15 ரேடியன் திருப்பமும், எடுத்துக்காட்டு வானூர்திக்கு 20 வினாடிகளுக்கும் மேலான நேரமும் தேவை. அத்திருப்பத்தில் 15 மீட்டர் தள்ளியுள்ள புள்ளி தொலைவுத் திசையில் 2 மீட்டருக்கும் மேல் நகர்ந்து, 20க்கும் மேற்பட்ட அறைகளைக் கடந்துவிடும். அந்நேரம் முழுவதும் வானூர்தி ஒரே சீராகத் திரும்பும் என்றும் எதிர்பார்க்க இயலாது. முதற் சிக்கலுக்குத் தரவுகளைத் துருவ ஆயங்களில் மீளமைக்கும் முறையும், இரண்டாவதற்குக் குறுகிய நேர இடைவெளிகளில் அதிர்வெண்ணை ஆராயும் நேர-அதிர்வெண் பகுப்பாய்வும் பயன்படுகின்றன.

6. கிடைக்கும் உருவத்தை வாசித்தல்

இவ்வுருவத்தை ஒளிப்படம் போல வாசிப்பது தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். அதற்கான காரணங்கள் நான்கு.

முதலாவது, குறுக்கு அச்சின் அலகு ஹெர்ட்ஸ், மீட்டர் அன்று. அதனை மீட்டராக மாற்றத் திருப்ப வேகம் தெரிய வேண்டும். அவ்வேகத்தை உண்மையில் உள்ளதைவிடப் பாதியாகக் கணித்தால் 30 மீட்டர் இறக்கை 60 மீட்டராகத் தோன்றும். திருப்பத்தின் திசை தெரியாவிடில் இடமும் வலமும் மாறிவிடும்.

இரண்டாவது, உருவம் எத்தளத்தில் விழும் என்பதைத் தீர்மானிப்பது வானூர்தியின் திருப்பமே. கிடையாகப் பறக்கும் வானூர்தி பக்கவாட்டில் திரும்பும்போது மேலிருந்து நோக்கியது போன்ற உருவம் கிடைக்கும். மூக்கு மேலும் கீழும் அசையும்போது பக்கத் தோற்றம் கிடைக்கும். நோக்குக்கோட்டையே அச்சாகக் கொண்ட உருளல் எவ்வித டாப்ளர் வேறுபாட்டையும் தருவதில்லை.

மூன்றாவது, உலோகப் பரப்புகள் நுண்ணலைகளை ஆடிபோல ஒரு திசைக்கே திருப்பிவிடுகின்றன. ஆகவே முழு வடிவம் தெரியாது. விளிம்புகள், மூலைகள், பொறிகளின் முகப்புகள் ஆகியன மட்டும் சிதறிய புள்ளிகளாகத் தெரியும். அவற்றை இணைத்து வானூர்தியாகக் காண்பது வாசிப்பவரின் முன்னறிவு.

நான்காவது, உருவில் தோன்றும் எல்லாப் புள்ளிகளும் உண்மைப் பகுதிகள் அல்ல. பொறியின் காற்று உள்வாங்கும் குழாய்க்குள் புகுந்து பலமுறை மோதித் திரும்பும் அலை தாமதமாக வருவதால், வானூர்தியின் பின்புறத்தில் இல்லாத ஒரு பகுதி இருப்பதாகத் தோன்றும். சுழலும் விசிறி அலகுகள் தனி டாப்ளர் பெயர்ச்சிகளைத் தந்து, குறுக்குத் திசையில் நீண்ட கோடுகளைப் படரவிடும்.

இவ்வெச்சரிக்கைகள் அண்மைக் கால ஆய்வுமுறைகளுக்கும் பொருந்தும். குறைந்த தரவுகளிலிருந்து கூர்மையான உருவம் பெறச் சிதறல் புள்ளிகள் சிலவே என்னும் முன்னூகமோ, பயிற்றுவிக்கப்பட்ட நரம்பியல் வலையமைப்போ கையாளப்படுகிறது. இத்துறைக் கட்டுரைகளில் 5.52 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் 400 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்திலும் பதிவான யாக்-42 வானூர்தியின் தரவு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. ஒரே வானூர்தியில் சிறப்பாக இயங்கும் முறை பிறவற்றிலும் அவ்வாறே இயங்கும் என்பதற்கு அது சான்றாகாது. கூர்மை அலைகளிலிருந்து வந்ததா, முன்னூகத்திலிருந்து வந்ததா என்பதை உருவத்தைப் பார்த்து மட்டும் கூற இயலாது.

7. நேராக வரும் வானூர்தி

முன்னுரையில் குறித்த அடையாளச் சிக்கல், நெருங்கிவரும் வானூர்தியைப் பற்றியது. அத்தகைய நிலையில் வேகத்தின் பெரும்பகுதி நோக்குக்கோட்டிலேயே அமைகிறது. 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வரும் வானூர்தியின் குறுக்குக் கூறு 10 மீட்டர் மட்டுமே எனக் கொண்டால், 0.015 ரேடியன் திருப்பத்துக்குத் தொடக்க வீதத்தின்படி 45 வினாடிகள் தேவை. அதற்குள் வானூர்தி 11 கிலோமீட்டர் நெருங்கிவிடும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தை உருவாக்கமே விழுங்கிவிடுகிறது. காற்றின் அலைக்கழிப்பால் வானூர்தி சற்றே ஆடினால் திருப்பம் கிடைக்கும். ஆனால் அது ஒழுங்கற்றது, முன்னறிய இயலாதது.

எனினும் இந்நிலையில் ரேடார் முற்றிலும் பயனற்றுப் போவதில்லை. தொலைவுப் பிரிதிறனுக்குத் திருப்பம் தேவையில்லை என முதற் பகுதியில் கண்டோம். நேராக வரும் வானூர்தியின் நீளம் முழுவதும் தொலைவுத் திசையிலேயே கிடக்கிறது. 150 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமுள்ள ரேடாரில் 54 மீட்டர் வானூர்தி ஏறத்தாழ 54 அறைகளிலும், 19 மீட்டர் வானூர்தி ஏறத்தாழ 19 அறைகளிலும் பரவும். முன்பகுதி பின்பகுதியை மறைப்பதும் குழாய் எதிரொளிப்பு பொய்நீளம் தருவதும் இவ்வளவையும் பிழைபடுத்தக்கூடும். இருப்பினும் இருமடங்குக்கும் மேலான வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதே. இரண்டாவது வழி, ஏற்பிகளை வெவ்வேறு இடங்களில் நிறுவுவது. ஓர் இடத்தை நோக்கி நேராக வரும் வானூர்தி, பல கிலோமீட்டர் தள்ளியுள்ள மற்றோர் ஏற்பிக்குச் சாய்வாகவே தெரியும். அங்குத் திருப்பம் கிடைக்கும். அருகருகே அமைந்த பல ஆன்டெனாக்களின் கட்ட வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொரு சிதறல் புள்ளியின் நிலையையும் காணும் குறுக்கீட்டளவியல் முறை மூன்றாவது வழி. தொலைவு கூடக்கூட அதன் நுட்பம் குறையும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தொலைவுப் பிரிதிறன் பட்டை அகலத்தைச் சார்ந்தது; அது ரேடாரை அமைப்பவரின் கையில் உள்ளது. குறுக்குப் பிரிதிறன் நோக்குக் கோண மாற்றத்தைச் சார்ந்தது. அதனைத் தருவது வானூர்தியே. எனவே இவ்வுருவம், தன்னைக் காட்ட எண்ணாத ஒரு பொருளின் ஒத்துழைப்பை நம்பியே உருவாகிறது. இடப்பெயர்ச்சியைத் தரவிலிருந்தே கணித்து நீக்க வேண்டியிருப்பதால் ஒவ்வோர் உருவமும் ஓர் ஊகத்தின் விளைவாகும். அளவு, இடவலம், நோக்குத் தளம் ஆகியன அவ்வூகத்தோடு சேர்ந்தே பிழைபடக்கூடும்.

ஆகவே இவ்வுருவத்தை முடிவெடுக்கும் இடத்துக்கு அனுப்பும்போது, திருப்ப வேகம் எவ்வளவு நம்பகத்தோடு கணிக்கப்பட்டது, உருவம் எத்தளத்தில் அமைந்தது, எந்த அளவுக்கு முன்னூகம் பயன்பட்டது ஆகிய குறிப்புகளும் உடன் செல்ல வேண்டும். திருப்பம் போதாதபோது கலங்கிய உருவத்தைத் தருவதினும், அடையாளம் காண இயலவில்லை என அறிவித்துத் தொலைவு வரைவின் நீளத்தை மட்டும் தருவதே பொறுப்பான செயலாகும். உருவத்தின் கூர்மையை உயர்த்தும் ஆய்வுகளோடு, அதன் நம்பகத்தை அளந்து கூறும் ஆய்வுகளும் இணையாக வளர வேண்டியுள்ளது.